அமைவிடத்தின் பலங்கள்

தலைவர் மேசையில் போட்டுவிட்டுப் போனார்
ஒரு ஜெர்மன் நகரத்தின் வழவழத்த புத்தகத்தை.
"இது மாதிரியே நமக்கும் ஒன்னு அடிங்க மங்களேஸ்,
வெள்ளிக்கிழம வாறாங்க."

அந்த ஊரில் இரண்டு ஆறு கூடுகிறது.
கூடுகிற இடத்தில் துறைமுகம்.
மூன்று நெடுஞ்சாலை, ஒரு பல்கலைக்கழகம்.
நாற்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு பெண்
தொழிற்சாலைத் தொப்பியோடு சிரிக்கிறாள்.
பலவீனம் என்று ஒரு பக்கமும் இல்லை.
இரண்டு தரம் புரட்டிப் பார்த்தேன்.

ஹட்டன் நகரம், என்று தொடங்கினேன்,
நாலாயிரம் அடிக்கு மேலே.
குளிரூட்டி தேவையில்லை, மின்கட்டணம் மிச்சம்.
(இது தலைவருக்குப் பிடிக்கும்.)
ரயில் உண்டு.
காலையில் வரவேண்டியது மத்தியானம் வந்தாலும்
வரும்,
மண் சரியாத நாட்களில்.

மின்சாரம் இங்கேதான் பிறக்கிறது.
காசல்ரீயில் தேங்கும் தண்ணீர் இறங்கிப்போய்
கம்பியேறிக் கொழும்புக்குப் புறப்படும்போது
எங்கள் லயத்துக் கூரைக்கு மேலால்தான் போகும்.
மழைநாளில் அது இரையும் சத்தத்தில்
நான் சாதாரணதரம் படித்தேன்,
குப்பி விளக்கில்.
கடைசி வரியை அழித்தேன்.

சந்தை பற்றி எழுத
றிஸ்வி ஹாஜியார் கடைக்குப் போய்க் கேட்டேன்.
"பத்தாம் திகதி சம்பளம், இருபத்தஞ்சு அட்வான்ஸ்.
நடுவில ஊரே மூச்சப் பிடிச்சிக்கிட்டு நிக்கும் புள்ள,
அத எழுது."
கடன் கொப்பியைத் தட்டிக் காட்டினார்.
முப்பது வருடத்தில் ஏமாற்றியவர் நாலே பேர்,
அதிலும் இருவர் செத்துப்போனதால்.
எந்த வங்கியிடம் இருக்கிறது இப்படி ஒரு கணக்கு?
எழுதினேன்: நாணயமான நுகர்வோர்.

டிசம்பரிலிருந்து மே வரைக்கும்
மலைக்குப் போகிற கூட்டம்.
கம்பளித் தொப்பி, இஞ்சிக் கோப்பி, வேன் வாடகை.
சாமியும் ஒரு பலம்தான்.

பயிற்சி பெற்ற ஊழியர், என்று அடுத்த தலைப்பு.
அங்கே விரல் நின்றுவிட்டது.
எங்கள் பையன்கள் புறக்கோட்டைத் துணிக்கடைகளில்
மூன்று மொழியில் விலை சொல்லி
நாலாவது மொழியில் சிரிக்கிறார்கள்.
எங்கே பயின்றார்கள் என்று கேட்டால்
எந்தப் பக்கத்தில் போடுவது?
ஏற்றுமதி என்றால் அதுவும் ஏற்றுமதிதான்.
பண்டிகைக்குத் திரும்பி வருகிற ஏற்றுமதி.

வெள்ளிக்கிழமை மூடுபனி. எதிர்க்கடையே தெரியவில்லை.
வந்தவர்கள் ஐந்து பேர்.
தலைவர் பனிக்குள் கைநீட்டி
"அங்கே காணி, அங்கே தண்ணீர்" என்றார்.
அவர்கள் வெள்ளையைப் பார்த்துத் தலையசைத்தார்கள்.

உல்ரிகே என்ற அம்மா மட்டும்
வரைபடத்தை என் பக்கம் திருப்பினார்.
உங்கள் ஊழியர்கள் எங்கே வசிப்பார்கள்?
பச்சையைக் காட்டினேன்.
வீதியின் பெயர்?
இல்லை.
வீட்டு இலக்கம்?
லயத்துக்கு உண்டு, வீட்டுக்கு இல்லை.
அப்படியானால் வேலைக்கு எடுத்தோம் என்ற கடிதம்
எப்படிப் போகும்?

நல்ல கேள்வி.
நகரசபை எனக்கு அனுப்பிய கடிதம்
தோட்டத்து ஆபீஸ் மேசையில்
பதினொரு நாள் கிடந்தது.
பன்னிரண்டாம் நாள் கங்காணி மகனின் கலியாணக் கார்டைத் தேடியபோது
அதற்கடியில் அகப்பட்டது.
இதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.
தலைவர் பலமாக இருமினார்.

போகும்போது தன் குறிப்புப் புத்தகத்தைத் தந்து
தொடர்புக்கு உங்கள் விலாசம் எழுதுங்கள் என்றார்.
நகரசபை முத்திரை பக்கத்திலேயே இருந்தது.
அதைத் தொடவில்லை.
ஏழாம் இலக்க லயம், தொங்கல் காம்பரா,
மேல் பிரிவு என்று
முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன்.

மூன்று மாதமாகிறது.
"ஜெர்மன்காரங்க பதிலே போடலியே மங்களேஸ்?"
தலைவர் தினமும் கேட்கிறார்.

போட்டிருப்பார்கள் சேர்,
எந்த மேசையில் கிடக்கிறதோ.